ரேம் நினைவு பிசகும்போது

2022 அக்டோபரில், லினக்ஸ் கெர்னலின் 6.1 பதிப்புக்குப் புதிய நிரல்களைச் சேர்க்கும் வேலை மும்முரமாக நடந்த நாட்களில், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கணினி படுத்த ஆரம்பித்தது. புரோகிராம்கள் காரணமே இல்லாமல் விழுந்தன. பாகம் பாகமாக வாங்கி அவரே சேர்த்த இயந்திரம் அது. இரண்டரை ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதனால் முதலில் அவர் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டார். புதிதாகச் சேர்ந்த கெர்னல் நிரலில் எங்கோ பிழை என்று தேடினார். கடைசியில் பழுது ஒரு ரேம் ஸ்டிக்கில் இருந்தது. மாற்று ரேம் வரும்வரை மடிக்கணினியில் வேலையைத் தொடர்ந்தார்.

ரேம் பிசகினால் ‘ரேம் பழுது’ என்று திரையில் எழுதி வராது. இந்தக் கோளாறில் ஆளைச் சுற்றவிடுவது அதுதான். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரியும். இன்னொரு நாள் நீலத் திரை வரும். ஒரு முறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றிருக்கும், அடுத்த முறை வேறு ஏதோ பெயர் இருக்கும். பிரவுசரில் ஒரு டேப் மட்டும் செத்துப்போகும். பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று நிற்கும். அதே கோப்பை மறுபடி விரித்தால் ஒழுங்காக விரியும். இந்தக் கடைசி அறிகுறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிஸ்க்கில் உள்ள கோப்பு அப்படியேதான் இருக்கிறது. முதல் முறை தப்பாகவும் இரண்டாம் முறை சரியாகவும் வருகிறதென்றால், நடுவில் அதை வாங்கி வைத்திருந்த ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. மென்பொருள் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வரும். வன்பொருள் பிழை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் விண்டோஸில் வேலை பார்த்த ரேமண்ட் சென் 2005-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உலகெங்கிலுமிருந்து வந்து குவியும் கிராஷ் அறிக்கைகளில் சில, நடக்கவே முடியாதவையாக இருந்தன. பிராசசரின் ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளை ஒன்று உண்டு. அது நினைவகத்தைத் தொடுவதில்லை, தோற்றுப்போக அதற்கு வழியே கிடையாது. அந்தக் கட்டளையிலேயே விண்டோஸ் விழுந்திருந்தது. விசாரித்தபோது அந்தக் கணினிகளில் பல, குறித்த வேகத்துக்கு மேல் ஓடுபவையாக இருந்தன. சிலருக்குத் தங்கள் கணினி அப்படி ஓடுவதே தெரியாது. விற்ற கடைக்காரர் வேகத்தைக் கூட்டி விற்றிருந்தார்.

இன்றைய கேமிங் கணினிகளைப் பற்றி எனக்குள்ள வருத்தமும் இதுவேதான். அதற்குப் போகும் முன் ரேமுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இன்று நாம் பயன்படுத்தும் டிராம் வகை நினைவகம் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு கண்டது. காப்புரிமை 1968-இல் கிடைத்தது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த மின்னூட்டம் மிகச் சொற்பம், சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள் மட்டுமே. 32 ஜிபி ரேமில் இப்படிச் சுமார் 27,500 கோடி அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒழுகும் குடம். நிரப்பி வைத்துவிட்டுப் போக முடியாது. வற்றுவதற்குள் வந்து பார்த்து, நிரம்பியிருந்ததை மறுபடி நிரப்ப வேண்டும். டிடிஆர்4 தலைமுறை ரேமில் ஒவ்வொரு அறையையும் 64 மில்லிசெகண்டுக்கு ஒரு முறையும், டிடிஆர்5-இல் 32 மில்லிசெகண்டுக்கு ஒரு முறையும் இப்படிப் புதுப்பிக்கிறார்கள். ‘ரிஃப்ரெஷ்’ என்பது இதுதான். சிப்பின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தக் கெடு பாதியாகக் குறைய வேண்டும் என்பது விதி. சூடு ஏற ஏற ஒழுகலும் ஏறும். ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். படிப்பதும்கூட அறையைக் காலி செய்துவிடும். படித்த கையோடு உள்ளே இருக்கும் பெருக்கி, படித்ததைத் திரும்ப எழுதுகிறது. ஒவ்வொரு படிப்பும் ஓர் அழிப்பு, ஒவ்வொரு அழிப்புக்கும் ஒரு மீட்பு. இத்தனையும் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை பிழையில்லாமல் நடக்கிறது. ரேம் ஏன் பிசகுகிறது என்பதைவிட எப்படிப் பிசகாமல் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

சிப்புக்கு உள்ளே இப்படி என்றால், வெளியே பயணம் இன்னும் கடினம். அட்டைப்பெட்டியில் டிடிஆர்5 6000 என்று போட்டிருந்தால், ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 600 கோடி பிட்கள் ஓடுகின்றன என்று பொருள். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 167 பிகோசெகண்ட். மதர்போர்டின் செம்புத் தடத்தில் சமிக்ஞை அந்த நேரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் தூரம்தான் போகும். ஆக, ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட்கள் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. வந்து சேரும் பிட் 0-வா 1-ஆ என்று எந்தக் கணத்தில், எந்த மின்னழுத்த அளவில் பார்த்துச் சொல்வது? இதைக் கணினியே ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாகச் சோதித்துக் கண்டுபிடிக்கிறது. இதற்கு ‘மெமரி டிரெயினிங்’ என்று பெயர். டிடிஆர்5 போட்ட புதுக் கணினி முதல் முறை ஆன் ஆகும்போது பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பாகம் செத்துவிட்டது என்று பயந்து பவரை நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் போதும், அது பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

டிரெயினிங் கண்டுபிடிப்பது ஒரு சின்ன ஜன்னலின் நடுப்புள்ளியை. ஜன்னல் அகலமாக இருந்தால் சூடு, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம், காலப்போக்கில் வரும் தேய்மானம் எல்லாவற்றையும் தாங்கும். குறுகலாக இருந்தால் காலையில் ஓடும், மாலையில் விழும். பொறியாளர்கள் இந்த அகலத்தை ‘மார்ஜின்’ என்பார்கள். ரேம் நிலையாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வதைவிட, எவ்வளவு மார்ஜின் மிச்சம் என்று கேட்பதே சரி.

பெட்டியில் போட்டிருக்கும் 6000 யாருடைய வாக்குறுதி? ரேமுக்கான தரத்தை வகுப்பது ஜெடெக் என்ற அமைப்பு. 2020-இல் அது வெளியிட்ட டிடிஆர்5 தரத்தின் அடிப்படையில் முதலில் வந்த ரேம்கள் 4800 வேகத்தில், 1.1 வோல்ட்டில் ஓடின. 6000 வேகம், 1.35 வோல்ட் என்பது போன்ற எண்கள் ரேமில் உள்ள ஒரு குட்டிச் சிப்பில் எழுதி வைத்த ‘புரொஃபைல்’. இன்டெல் அதை எக்ஸ்எம்பி என்கிறது, ஏஎம்டி எக்ஸ்போ என்கிறது. பயாஸில் ஒரு கிளிக்கில் ஆன் ஆகிறது என்பதால் அது சாதாரண அமைப்பு போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓவர்கிளாக். இரண்டு நிறுவனங்களும் தங்கள் விதிகளில் அப்படித்தான் சொல்கின்றன. ரேம் தயாரிப்பாளர் தன் ஸ்டிக்கை அந்த வேகத்தில் சோதித்திருப்பார். ஆனால் ரேமுடன் பேசும் கன்ட்ரோலர் உங்கள் பிராசசருக்குள் இருக்கிறது. ஏஎம்டி 2003-இலும் இன்டெல் 2008-இலும் அதை மதர்போர்டிலிருந்து பிராசசருக்குள் கொண்டுபோய்விட்டன. அந்தக் கன்ட்ரோலர் பிராசசருக்குப் பிராசசர் கொஞ்சம் வேறுபடும். தடங்கள் மதர்போர்டுக்கு மதர்போர்டு வேறுபடும். மூன்று கம்பெனிப் பொருள்கள் சேர்ந்து தர வேண்டிய வேகத்தை ஒரு கம்பெனியின் பெட்டி மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொள்கிறது. மற்ற இருவரும் பொறுப்பேற்பதில்லை. வாங்குபவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை. சேமித்த காசில் ஆசையாகக் கணினி சேர்க்கும் பிள்ளைகளுக்கு இது அநியாயம்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசசர்களுக்கு நிறுவனம் உறுதி தரும் வேகம், இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. நான்கு ஸ்லாட்டிலும் போட்டால் 3600. ஒரேயடியாக இவ்வளவு இறங்கக் காரணம், கன்ட்ரோலர் தள்ள வேண்டிய சுமை கூடுவதும், ஒரே தடத்தில் இரண்டு ஸ்டிக் தொங்கும்போது சமிக்ஞை எதிரொலித்துக் கலங்குவதும்தான். முதலில் இரண்டு 16 ஜிபி, பிறகு காசு சேர்ந்ததும் அதே கம்பெனியின் அதே மாடலில் இன்னும் இரண்டு என்று வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப்கள் வேறு ஆலையினுடையவையாக இருக்கலாம். இரண்டு ஸ்டிக் மட்டும் என்றால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். முதலாவதிலும் மூன்றாவதிலும் போட்டால் காலியாக நீண்டிருக்கும் தடத்தின் முனை எதிரொலியைத் திருப்பி அனுப்பும்.

சரி, தேடும் முறைக்கு வருவோம். முதல் வேலை எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆஃப் செய்வது. கையால் மாற்றிய மற்ற எல்லாவற்றையும் பயாஸின் இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது. அடிப்படை வேகத்தில் கோளாறு நின்றுவிட்டால், எந்தப் பாகமும் கெடவில்லை, மார்ஜின்தான் போதவில்லை என்று அர்த்தம். பயாஸைப் புதுப்பித்துவிட்டு ஒரு படி குறைந்த வேகத்தில், 6000-க்குப் பதில் 5600-இல் வைத்துப் பாருங்கள். கேமில் நீங்கள் இழப்பது கண்ணுக்கே தெரியாது. அடிப்படை வேகத்திலும் கோளாறு தொடர்ந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள், பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில். பிழை ஸ்டிக்கோடு கூடவே போனால் ஸ்டிக் கெட்டிருக்கிறது. எந்த ஸ்டிக் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டோ, தடமோ, பிராசசரின் அடியில் உள்ள தொடர்போ. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும், கூலரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கி இறுக்கினாலும் ரேம் சேனல் ஒன்று காணாமல் போகும். ரேமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போடுவது சின்ன வேலைதான், பல முறை அதுவே தீர்த்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு விண்டோஸ் இல்லாமல் நேரே ஓட்டலாம். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பல கோடி முறைக்கு ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது. சரியான எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே. ஆனால் மெம்டெஸ்ட் தேறிவிட்டது என்பதற்காக ரேமை விடுதலை செய்துவிடவும் கூடாது. ஏன் என்பதற்கு நான் பார்த்த ஒரு கணினியைச் சொல்கிறேன்.

தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் மே மாதத்தில் போன் செய்தார். “அண்ணா, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டேன், ஒரு எரர்கூட இல்ல. கேம் போட்டா அரை மணி நேரத்துல மூடிக்குது. கிராபிக்ஸ் கார்டுதான் போயிருச்சுன்னு கடையில சொல்றாங்க.” ஏசி இல்லாத அறை, சென்னை வெயில். டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்பத்தை அளக்கும் உணரி இருக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவசக் கருவி அதைக் காட்டும். கேம் தொடங்கும்போது நாற்பதுகளில் இருந்த ரேமின் வெப்பம், கிராபிக்ஸ் கார்டு விடும் அனல்காற்று நேராக ரேம் மேலேயே ஏறியதால் அறுபதைத் தாண்டியது. அப்புறம் கேம் மூடிக்கொண்டது. இரவில் மெம்டெஸ்ட் ஓடியபோது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்தது, ரேமும் குளிர்ந்தே இருந்தது. பயாஸைத் திறந்து பார்த்தால், டிஆர்இஎஃப்ஐ என்ற எண் 65535 என்றிருந்தது. ஒரு ரிஃப்ரெஷுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடும் இடைவெளி அது. இடைவெளி நீண்டால் ரேமுக்கு வேலை நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், கேமும் சற்று வேகமாகும் என்று ஒரு வீடியோவைப் பார்த்து அவர் அந்த எண்ணை உச்சத்துக்கு ஏற்றியிருந்தார். ஒழுகல் கூடும் நேரத்தில் நிரப்புவது தாமதமானால் என்ன ஆகும்? அந்த எண்ணை ‘ஆட்டோ’வில் விட்டோம், கோளாறு நின்றது. மறுபடி 65535 வைத்துப் பார்த்தோம், திரும்ப வந்தது. இந்த இரண்டாவது படியைத்தான் பலரும் செய்வதில்லை. வேண்டுமென்றே கோளாறைத் திரும்ப வரவழைக்க முடிந்தால்தான் காரணம் உறுதியாகிறது. கிராபிக்ஸ் கார்டு பிழைத்தது. கேபினெட்டின் மேல் பக்கம் ஒரு ஃபேனும் கூடியது.

ஆகவே மெம்டெஸ்டுக்குப் பிறகு விண்டோஸுக்குள்ளேயே பிரைம்95 அல்லது டெஸ்ட்மெம்5 என்ற சோதனைப் புரோகிராமை ஓட்டுங்கள், முடிந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்து. சூடு ஏறிய பின் வரும் தீர்ப்புதான் தீர்ப்பு.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் நிலைத்தன்மை கூடும் என்ற யோசனையும் அடிக்கடி வரும். ஓரளவு உண்மைதான், ஆனால் அதற்கு விலை உண்டு. 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய சம்பவங்கள் வெளிவந்தன. அதன் பிறகு ஏஎம்டி, ரேம் கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று பயாஸிலேயே கட்டுப்பாடு போட்டது. அந்தக் கணினிகளில் பழைய பயாஸ் இன்னும் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

ரேம் மேல் பழி விழுந்தும் ரேம் நிரபராதியாக இருக்கும் சமயங்களும் உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்களின் கதை அப்படிப்பட்டது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களைத் திறந்தால் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வரும். ஆட்டக்காரர்கள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள், ரேமை மாற்றிப் பார்த்தார்கள். உண்மையில் சுருக்கி வைத்த ஷேடர் தரவை விரிக்கும்போது பிராசசரே கணக்கைத் தப்பாகப் போட்டது. விரித்த தரவு சிதைந்திருந்ததால் அடுத்த கட்டம் தவறான செய்தியோடு நின்றது. 2024-இல் இன்டெல் காரணத்தை அறிவித்தது: பிராசசர் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதால் உள்ளே சுற்று தேய்ந்து, ஓடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தமே மேலேறிவிட்டது. மைக்ரோகோட் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் கூடியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. அடிப்படை வேகத்தில் எல்லா ரேமும் தேறி, ஜிப் விரிப்பதில் பிழையும் கேம் விழுவதும் மட்டும் தொடர்ந்தால் பார்வையைப் பிராசசர் பக்கம் திருப்ப வேண்டும்.

விண்வெளிக் கதிர் வந்து பிட்டைப் புரட்டிவிட்டது என்ற விளக்கமும் இணையத்தில் பிரபலம். அப்படி நடக்கும். கதிர் விண்வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை: 1970-களின் கடைசியில் சிப்பைப் பொதியும் பொருளில் இருந்த கதிரியக்கத் துகள்களே பிட்களைப் புரட்டுவதை இன்டெல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் உங்கள் கேம் தினமும் விழுவதற்கு விண்வெளி காரணமல்ல. கூகுளின் சர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் சேர்ந்த பதிவுகளை அலசி பியங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டது. ஒரு முறை பிழை காட்டிய ஸ்டிக் மறுபடி காட்டும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. பெரும்பாலான பிழைகளுக்குப் பொருளின் குறையே காரணம் என்பது அவர்கள் முடிவு. பிழை காட்டிய ஸ்டிக்கை ‘இன்னொரு சான்ஸ்’ என்று வைத்திருக்க வேண்டாம், உத்தரவாதத்தில் மாற்றிவிடுங்கள்.

அந்தச் சர்வர்களில் பிழை நடந்ததை எண்ண முடிந்ததற்குக் காரணம், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி வகை ரேம். 64 பிட்டோடு கூடுதலாகச் சில பிட்களைச் சேமித்து, ஒன்று புரண்டால் திருத்திவிடும், இரண்டு புரண்டால் சொல்லிவிடும். டோர்வால்ட்ஸ் 2021-லேயே, சாதாரணக் கணினிகளுக்கு இது கிடைக்காமல் போனதற்கு இன்டெலைக் கடுமையாகச் சாடினார். டிடிஆர்5-இல் ‘சிப்புக்குள் இசிசி’ இருக்கிறதே என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது அறைக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும். தடத்தில் வரும் வழியில் புரளும் பிட் அதன் கண்ணில் படாது. கேமிங் கணினியில் வரும் பெரும்பாலான தொல்லை அந்த வழியில்தான். சில ரூபாய் கூடுதலானாலும் முழு இசிசி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கட்சியும்.

ஏனென்றால், கேம் விழுவது இதில் மிகச் சிறிய சேதம். விழுந்தால் தெரிகிறது. ரேமில் புரண்ட ஒரு பிட், புகைப்படத்தைச் சேமிக்கும்போது புரண்டிருந்தால் படத்தின் பாதி சாம்பல் பட்டையாகிவிடலாம். கணக்குத் தாளில் புரண்டால் ஓர் எண் வேறு எண்ணாகும், எந்தச் செய்தியும் வராது. எஸ்எஸ்டி தனக்கு வந்ததை அச்சுப் பிசகாமல் எழுதி வைக்கும், வந்ததே பிழை என்று அதற்குத் தெரியாது. ரேம் சரியானதும் வேலை முடிந்துவிடவில்லை. கேம் லாஞ்சரில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டுங்கள். விண்டோஸின் கணினிக் கோப்புச் சோதனையை ஓட்டுங்கள். கோளாறு இருந்த காலத்திலேயே விண்டோஸை நிறுவியிருந்தால் மறுபடி நிறுவிவிடுவது நல்லது. அந்த நாட்களில் எடுத்த பேக்கப்பைப் பழைய பேக்கப்பின் மேல் எழுத விடாதீர்கள். தனி டிஸ்க்கில், தேதி போட்டு வைத்துவிட்டு, முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.